பெண்வழி வந்த பிரபுப் பட்டம்

மதுரைத் திருமலை நாயக்கர் மகாலின் பெருந்தூண்களை அண்ணாந்து நோக்கி வியப்பவர் பலர். அவை இன்றும் நிற்பதற்கு ஸ்காட்லாந்து நாட்டுப் பிரபு ஒருவரும் காரணர் என்பதை அறிந்தவர் சிலரே. 1636-இல் எழுந்த அம்மாளிகையின் பெரும்பகுதி திருமலை நாயக்கரின் பேரர் சொக்கநாதர் காலத்திலேயே இடிக்கப்பட்டது. எஞ்சிய பகுதியும் காலப்போக்கில் பாழடைந்தது. அதனைச் செப்பனிட ஆணையிட்டவர், 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராய் விளங்கிய நேப்பியர் பிரபு ஆவார். சென்னையில் கூவம் ஆறு கடலைச் சேருமிடத்தில் உள்ள நேப்பியர் பாலமும், திருவனந்தபுரத்து நேப்பியர் அருங்காட்சியகமும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றன.

நேப்பியர் என்ற பெயரில் பலர் இந்தியாவுக்கு வந்திருப்பதால் குழப்பம் நேர்வதுண்டு. 1843-இல் சிந்து நாட்டை வென்ற சார்லஸ் நேப்பியர் வேறு. இந்தியப் படைக்குத் தலைமை வகித்த மக்தலா நேப்பியர் பிரபு வேறு. மதுரை மகாலைக் காத்தவரின் இயற்பெயர் பிரான்சிஸ் நேப்பியர் (1819–1898). முறைப்படி சொல்வதாயின், அவர் பத்தாம் நேப்பியர் பிரபு. வாசகர் ஈண்டுக் கவனிக்க வேண்டுவது, பத்தாம் என்ற அந்த எண்ணையே. ஒன்று முதல் பத்து வரை விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தால், ஐந்தாம் விரலில் நிற்பவர் ஒரு பெண்மணி! அப்பெண்மணி இல்லையேல் ஆறு முதல் பத்து வரை எவரும் இல்லை. ஆண் வாரிசு இல்லாவிடில் வம்சம் அற்றுப்போகும் என்று ஓயாது சொல்லிக்கொண்டிருக்கும் நம் பகுதியில், இக்குடும்பத்தின் வரலாறு சற்று விரிவாகவே கூறத் தக்கது.

பட்டமும் பட்டயமும்

ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் ஐந்து படியினர். டியூக் என்பார் தலையாயவர்; அவருக்குக் கீழே மார்க்குவிஸ், ஏர்ல், வைகவுண்ட் என இறங்கி, கடைப்படியில் நிற்பவர் லார்டு. நேப்பியர் குடும்பத்தார் இக்கடைப்படியினர். அரசர் ஒருவருக்குப் பட்டம் அளிக்கும்போது பட்டயம் ஒன்று எழுதித் தருவார். நம் அரசர்கள் செப்பேட்டில் பொறித்துக் கொடுத்தது போன்றதே அதுவும். பட்டம் அவருக்குப் பின் யாரைச் சேரும் என்பது அப்பட்டயத்தின் வாசகத்தைப் பொறுத்தது. ‘ஆண் வாரிசுகளுக்கு’ என்று எழுதியிருந்தால் மகள் ஒதுக்கப்படுவாள். ‘வாரிசுகளுக்கு’ என்று பொதுவாக எழுதியிருந்தால், மகன் இல்லாதபோது மகள் பெறுவாள். இங்கிலாந்தின் பட்டயங்களில் பெரும்பாலானவை முதல் வகையின. ஸ்காட்லாந்தின் பழம் பட்டயங்களிலோ இரண்டாம் வகையும் கணிசமாக உண்டு.

இக்குடும்பத்தைப் புகழ் பெறச் செய்தவர், பட்டம் எதுவும் இல்லாத ஒரு நிலக்கிழார். எடின்பரோ நகரை அடுத்த மெர்கிஸ்டன் கோட்டையில் 1550-இல் பிறந்த ஜான் நேப்பியரே அவர். 1614-இல் மடக்கைக் கணக்கை உலகுக்கு வழங்கியவர் அவரே. கணக்குப் பொறி கைக்கு வருமுன் பள்ளியில் படித்தோர் அனைவரும் ‘லாக் புத்தகம்’ என்று தூக்கித் திரிந்தோமே, அதன் மூலவர். பெருக்கலைக் கூட்டலாகவும் வகுத்தலைக் கழித்தலாகவும் மாற்றிய அவ்வழியால் வானியலாரின் வாழ்நாள் இரட்டித்தது என்று பிற்காலத்தார் போற்றினர். ஆனால் தம் பெயரை நிலைநாட்டும் நூல் என்று அவர் கருதியது இதையன்று. திருவெளிப்பாட்டு நூலுக்கு 1593-இல் தாம் வெளியிட்ட விளக்கவுரையையே. அதில் நம் திருத்தந்தையை எதிர்க்கிறிஸ்து என்று நிறுவ முற்பட்டார். உலகம் 1688-க்கும் 1700-க்கும் இடையில் முடியும் என்றும் கணித்தார். உலகம் முடியவில்லை, திருத்தந்தையரும் தொடர்கின்றனர். மடக்கை மட்டும் எவ்விதப் பிழையுமின்றி நிற்கின்றது.

அவரைப் பற்றி ஊரார் சொல்லிவந்த கதையொன்று நம் கிராமத்துக் கதைபோலவே இருக்கும். வீட்டில் களவு போயிற்றாம். கரிய சேவல் ஒன்றை இருட்டறையில் வைத்து, வேலையாட்களை ஒவ்வொருவராய் உள்ளே அனுப்பி, அதனைத் தடவிவிட்டு வரச் சொன்னாராம். குற்றவாளி தொட்டால் சேவல் கூவும் என்றாராம். சேவல் கூவவேயில்லை. ஆனால் அதன்மேல் அவர் பூசியிருந்த கரி, ஒருவன் கையில் மட்டும் ஒட்டவில்லை. அஞ்சித் தொடாமல் வந்தவனே கள்வன்!

ஜான் 1617-இல் மறைந்தார். அவர் மகன் ஆர்ச்சிபால்டுக்கு 1627-இல் அரசர் முதலாம் சார்லஸ் லார்டு பட்டம் வழங்கினார். இவர் முதலாம் நேப்பியர் பிரபு. இவர் மணந்தது மாண்ட்ரோஸ் பிரபுவின் தமக்கையை. அத்திருமணமே குடும்பத்தின் பெருமைக்கும் துன்பத்துக்கும் காரணமாயிற்று. உள்நாட்டுப் போரில் மாண்ட்ரோஸ் அரசர் பக்கம் நின்று போரிட, நேப்பியர்களும் அவருடன் நின்றனர். முதலாம் பிரபு 1645-இல் இறந்தார். இரண்டாம் பிரபு சொத்துகளைப் பறிகொடுத்து நாட்டைவிட்டு ஓடினார். மாண்ட்ரோஸ் 1650-இல் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டு, அவர் உடல் துண்டிக்கப்பட்டது. இரண்டாம் பிரபுவின் மனைவி ஆளனுப்பி, இரவோடிரவாகப் புதைகுழியைத் தோண்டி அவரது இதயத்தை எடுப்பித்து, நறுமணப் பொருள்களிட்டுப் பாதுகாத்தார் என்பது குடும்ப வழக்கு. இவ்விதயத்தை வாசகர் நினைவில் வைத்திருப்பாராக. அது மதுரைக்கு வரப்போகிறது.

மார்கரெட் சீமாட்டி

மூன்றாம் பிரபு மணம் புரியாதவர். தமக்குப் பின் பட்டம் அற்றுவிடுமே என்று அவர் செய்த செயல் நுட்பமானது. 1676-இல் பட்டத்தையே அரசரிடம் திருப்பி ஒப்படைத்தார். மறு ஆண்டு புதிய பட்டயமாக அதனை மீண்டும் பெற்றார். பழைய முதன்மை மாறாமலே, வாரிசு வாசகம் மட்டும் மாறிற்று: தமக்கு மக்கள் இல்லையேல் தம் சகோதரிகளுக்கும் அவர்தம் மக்களுக்கும் என்று.

1683-இல் அவர் இறக்கவே, காலஞ்சென்ற ஒரு சகோதரியின் மகனான தாமஸ் நிக்கல்சன் என்ற சிறுவன் நான்காம் பிரபுவானான். மூன்றே ஆண்டுகளில், பதினேழு வயதில், அவனும் மறைந்தான். அப்போது பட்டம் பெற்றவரே மூன்றாம் பிரபுவின் மற்றொரு சகோதரியான மார்கரெட், ஐந்தாம் நேப்பியர் சீமாட்டி. இவர் ஜான் பிரிஸ்பேன் என்பவரின் மனைவி. இருபது ஆண்டுகள் பட்டத்தைத் தாங்கினார். அவருக்கு மகள் எலிசபெத் உண்டு. அவரோ தாய்க்கு ஓராண்டு முன்பே இறந்துவிட்டார். எனவே 1706-இல் பாட்டியிடமிருந்து பேரனுக்கு, நான்கு வயதுப் பிரான்சிஸுக்கு, பட்டம் சென்றது. அச்சிறுவனின் தந்தை தர்ல்ஸ்டேன் ஊரின் வில்லியம் ஸ்காட். ஆக, ஆறாம் பிரபு பிறப்பால் ஸ்காட் குலத்தவர். தாய்வழிப் பாட்டியின் பட்டத்துக்காக நேப்பியர் என்று பெயர் பூண்டவர். அவருக்குப் பின் வந்த நேப்பியர் பிரபுக்கள் அனைவரும், நம் ஊர்க் கணக்குப்படி பார்த்தால், நேப்பியர்களே அல்லர்!

இதன் மறுபக்கமும் உண்டு. முதலாம் பிரபுவுக்கு அதே 1627-இல் பாரனெட் என்ற சிறு பட்டமும் கிடைத்திருந்தது. அது ஆண்வழிக்கு மட்டுமே உரியது. எனவே 1683-இல் லார்டு பட்டத்தை விட்டுப் பிரிந்து, கேட்பாரின்றிக் கிடந்தது. 1817-இல்தான் தூரத்து ஆண் உறவினர் ஒருவர் தம் வம்சாவளியைக் காட்டி அதற்கு உரிமை நிலைநாட்டினார். பெண்ணை ஏற்ற பட்டம் இடையறாது தொடர, ஆணையே நாடிய பட்டம் நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேல் தூங்கிற்று.

மதுரைக்கு வந்த மகள்

ஆறாம் பிரபுவின் மகள் ஹெஸ்டர். சகோதரர்கள் இருந்தமையால் பட்டம் அவரைச் சேர வழியில்லை. ஆனால் மாண்ட்ரோஸின் இதயத்தை, தந்தை இவரிடமே ஒப்படைத்தார். இவர் மணந்த சாமுவேல் ஜான்ஸ்டன் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர். மதுரையில் பணி கிடைத்து, கணவனும் மனைவியும் 1781-இல் கப்பலேறினர். வழியில் பிரெஞ்சுக் கப்பலொன்று தாக்கியது. ஹெஸ்டர் இதயப் பேழையைக் கையிற்பற்றியவாறு மேல்தளத்திலேயே நின்றாராம். குண்டொன்று பட்டு, வெனிஸ் நகரில் செய்த பொற்பெட்டி நசுங்கிற்று. உள்ளிருந்த எஃகுச் சிமிழுக்கு ஊறில்லை. அச்சிமிழ், மாண்ட்ரோஸின் வாளலகைக் கொண்டே செய்யப்பட்டது என்பர்.

மதுரையில் ஹெஸ்டர் நம்மூர்ப் பொற்கொல்லர் ஒருவரிடம், நசுங்கியதைப் போன்றே புதிய பொற்பெட்டியும், அதனைத் தாங்க வெள்ளிக் கலசமும் செய்வித்தார். கலசத்தின் மேல் மாண்ட்ரோஸின் வரலாறு தமிழிலும் தெலுங்கிலும் பொறிக்கப்பட்டது. எடின்பரோவில் தூக்கிலேறிய ஒருவரின் சரிதம், மதுரைத் தட்டாரின் உளியால் தமிழ் எழுத்தில்! அதைப் பார்த்த ஊரார், அக்கலசம் உள்ளவனைப் போரில் ஆயுதம் தீண்டாது என்று நம்பத் தொடங்கினர். விளைவு என்ன? கலசம் களவு போயிற்று. அண்டை நாட்டுத் தலைவர் ஒருவர் பெரும்பொருள் கொடுத்து அதனை வாங்கிவிட்டார் என்று தெரியவந்தது. ஹெஸ்டரின் மகன் அலெக்சாண்டர், சிறுவனாக அத்தலைவருடன் வேட்டைக்குச் சென்று, தாயின் துயரைச் சொல்லவும், திருட்டுப் பொருள் என்று தாம் அறியவில்லை என மறுமொழி கூறி, மதிப்புடன் அதனைத் திருப்பி அனுப்பினாராம். 1792-இல் குடும்பம் தாயகம் திரும்புகையில், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பிரான்சில் ஒரு பெண்மணியிடம் மறைத்து வைக்கக் கொடுத்ததோடு கலசம் மீண்டும் தொலைந்தது. இவற்றையெல்லாம் அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் 1836-இல் தம் புதல்வியர்க்குக் கடிதமாக எழுதி வைத்தார். முதுமையில் எழுதிய குடும்பக் கதை. வண்ணம் சற்றுக் கூடியிருக்கலாம். எனினும் தெரிந்தே அதனைப் பெண் மக்களுக்கு எழுதினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஹெஸ்டரின் மற்றொரு பணி இதனினும் பெரிது. மடக்கை கண்ட தம் முன்னோரின் சரிதையை எழுதுவதற்கு, இந்தியர் முற்காலத்தில் எவ்வாறு கணக்கிட்டனர் என்பதை அறிய விரும்பினார். ஆறாம் பிரபு தொடங்கி முடியாத பணி அது. அதற்காக முன்பே அவருக்கு உதவிய காலின் மெக்கன்சி என்ற ஸ்காட்லாந்து இளைஞர் 1783-இல் கம்பெனிப் படையில் சேர்ந்து சென்னை வரவே, ஹெஸ்டர் அவரை மதுரைக்கு அழைத்து அந்தணப் புலவர்களுடன் பழகச் செய்தார். மெக்கன்சியின் ஏடு தேடும் வாழ்வு அங்கேயே தொடங்கியது என்று அலெக்சாண்டர் பிற்காலத்தில் ஆங்கிலேய நாடாளுமன்றக் குழுவின்முன் சாட்சியம் அளித்தார். அந்த மெக்கன்சியே 1815-இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனார். அவர் திரட்டிய கைபீதுகளிலும் ஏடுகளிலும் ஒரு பகுதி சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளது. நம் பாளையக்காரர்களின் வம்சாவளிகள் அவற்றில் அடங்கும். ஒரு ஸ்காட்லாந்துப் பெண் தன் மூதாதையின் வரலாற்றைத் தேடப் புறப்பட்டதால், நம் பாளையப்பட்டுகளின் வரலாறு எழுத்தில் நிலைத்தது.

நம் பக்கத்து வழக்கம்

சிலமலையைச் சுற்றியுள்ள பிள்ளைகள் பலர் போடியில் இசட்.கே.எம். மேனிலைப் பள்ளியில் பயின்றவர்கள். அம்மூன்றெழுத்தின் விரிவை எத்தனைபேர் எண்ணிப் பார்த்திருப்பர்? ஜமீன்தாரிணி காமுலு அம்மாள் நினைவு என்பதே அது. போடிநாயக்கனூர் ஜமீன்தார் காமராஜ பாண்டிய நாயக்கர் 1888-இல் மறைந்தபின், ஜமீனை நிருவகித்தவர் அவர் துணைவியாராகிய இவ்வம்மையார். ஆகவே பெண் ஆள்வது நமக்குப் புதிதன்று. மதுரையில் இராணி மங்கம்மாள் ஆண்டதை அறியாதார் யார்? ஆயினும் வேறுபாட்டை நோக்குக. மங்கம்மாள் பேரனுக்காக ஆண்டார். கைம்பெண்ணாக ஜமீன் பெறுபவருக்கு அக்காலச் சட்டம் அளித்தது வாழ்நாள் உரிமையே. அவருக்குப் பின் சொத்து கணவர் வழியைத் தேடிப் போய்விடும். மார்கரெட்டோ பட்டத்தை மகளாகப் பிறந்த உரிமையில் பெற்றார். தம் மகள் வயிற்றுப் பேரனுக்கே விட்டுச் சென்றார். மனைவியாக மதித்த நாம், மகளாக மதிக்கத் தயங்கினோம். மதுரை நாயக்க அரசே அதனால் அழிந்தது எனலாம். விஜயரங்க சொக்கநாதர் 1732-இல் பிள்ளையின்றி இறக்க, அவர் மனைவி மீனாட்சியும் ஆண்வழி உறவினர் பங்காரு திருமலையும் பூசலிட்டனர். இடையில் புகுந்த சந்தா சாகிப் 1736-இல் நாட்டைக் கைக்கொண்டான்.

அரசர் கதை போகட்டும். உசிலம்பட்டிப் பக்கத்தில் பெண் சிசுக்கள் மடிவது 1986-இல் பத்திரிகைகளில் வெளியாகி நாடே அதிர்ந்தது நமக்கு வெகுதூரச் செய்தியன்று. கொல்லாத வீடுகளிலும் ‘வாரிசு’ என்றால் மகன் என்றே பொருள் கொள்கிறோம். சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. கிறிஸ்தவர்க்கான வாரிசுரிமைச் சட்டம் 1866-ஆம் ஆண்டே, பத்தாம் நேப்பியர் பிரபு சென்னையில் வந்திறங்கிய அதே ஆண்டில், நடைமுறைக்கு வந்தது. இப்போதுள்ளது 1925-ஆம் ஆண்டுச் சட்டம். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சியது ஆண், பெண் என்ற பேதமின்றி மக்கள் அனைவர்க்கும் சமம். இந்துக் குடும்பங்களில் மகளுக்குப் பூர்விகச் சொத்தில் சம உரிமை தமிழ்நாட்டில் 1989-இலும், நாடு முழுவதும் 2005-இலும் வந்தது. போடிமெட்டைத் தாண்டினால் கதை வேறாயிருந்தது. திருவிதாங்கூரின் 1916-ஆம் ஆண்டுச் சட்டப்படி கிறிஸ்தவ மகளுக்கு, மகன் பங்கில் கால் பகுதி அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதுவே. கோட்டயத்து மேரி ராய் தொடுத்த வழக்கில், 1986-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் இனிச் செல்லாது என்று தீர்த்தது.

இருந்தும் நம் வீடுகளில் நடப்பது யாது? திருமணப் பேச்சு முடிந்ததும் மணமகளிடம் ‘விடுதலைப் பத்திரம்’ ஒன்றில் கையொப்பம் வாங்குகின்றனர். போட்ட நகையும் கொடுத்த சீரும் பங்குக்கு ஈடு. இனிக் கேட்பதற்கில்லை என்பது அதன் சாரம். பத்திரத்தை உனக்கு வாசித்துக் காட்டினார்களா என்று நான் வினவிய பெண்களுள் பெரும்பாலோர் தலையசைத்ததில்லை. தந்தை உயிரோடிருக்கையில், பின்னொரு நாள் வரக்கூடும் என்ற வாரிசுரிமையை இவ்வாறு எழுதிக் கொடுப்பது 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டப்படி பொதுவாகச் செல்லத்தக்கதன்று. பெற்ற பொருளைக் காரணம் காட்டி நீதிமன்றம் மாறாகத் தீர்ப்பதும் உண்டு. ஆகவே கையொப்பமிடுமுன் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுக்கொள்வது நலம்.

பத்தாமவரும் பின்னோரும்

பத்தாம் பிரபுவிடம் திரும்புவோம். அவருடைய தந்தையாகிய ஒன்பதாம் பிரபு, ஆங்கில வாணிகத்தைக் கண்காணிக்கச் சீனத்துக்கு அனுப்பப்பட்டு, காண்டன் அதிகாரிகளுடன் முரண்பட்டு, 1834-இல் மக்காவ் நகரில் காய்ச்சலால் இறந்தார். பதினைந்து வயதில் பட்டமேற்ற மகன், வாஷிங்டன், தி ஹேக், பீட்டர்ஸ்பர்க், பெர்லின் ஆகிய நகரங்களில் தூதராயிருந்தபின் சென்னைக்கு வந்தார். வந்ததும் அவரை எதிர்கொண்டது கஞ்சம் மாவட்டத்துப் பஞ்சம். இந்திய நாட்டுக்கு இந்தியக் கட்டடக் கலையே பொருந்தும் என்று கருதிய மிகச் சில ஆங்கில ஆட்சியாளருள் அவர் ஒருவர். சிசோம் என்ற கட்டடக் கலைஞரை ஊக்குவித்ததும், மதுரை மகாலைப் புதுப்பித்ததும் அக்கருத்தின் பயனே. 1872 பிப்ரவரியில் வைசிராய் மேயோ பிரபு அந்தமானில் கொலையுண்டபோது, புதியவர் வரும்வரை இந்தியா முழுமைக்கும் தற்காலிக வைசிராயாகவும் இருந்தார். அதன் பரிசாக அவ்வாண்டே எட்ரிக் பிரபு என்ற இரண்டாம் பட்டம் கிடைத்தது.

அவர் செய்தவற்றுள் அவருடைய நாட்டு ஏழைகள் இன்றும் நினைவுகூர்வது, 1883-இல் தலைமை தாங்கிய விசாரணைக் குழுவையே. ஆட்டு மந்தைகளுக்கு இடம் தேடிய நிலப்பிரபுக்கள், ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலும் தீவுகளிலும் வாழ்ந்த சிறு குத்தகைக்காரரைத் தலைமுறை தலைமுறையாக வெளியேற்றி வந்தனர். குழு ஊர் ஊராகச் சென்று, குடியானவரின் கேலிக் மொழியிலேயே சாட்சியம் கேட்டது. 1886-இல் வந்த சட்டம் அவருடைய பரிந்துரைகளை அப்படியே பின்பற்றவில்லை. ஆயினும் குத்தகைக்காரரை விருப்பம்போல் வெளியேற்ற முடியாத நிலையையும், குத்தகையைக் குடும்பத்தாருக்கு விட்டுச் செல்லும் உரிமையையும் தந்தது. குடிசைவாசிக்கும் ‘வாரிசு’ என்றொரு சொல் சட்டத்தில் இடம்பெற்றது அப்போதுதான்.

அவர்க்குப் பின் வந்தோரைப் பற்றி மிகுதியாகச் சொல்வதற்கில்லை. பதினொன்றாம், பன்னிரண்டாம், பதின்மூன்றாம் பிரபுக்கள் தந்தைக்குப் பின் மகனாக வந்தனர். பதினான்காமவர் இளவரசி மார்கரெட்டின் தனிச் செயலராகப் பல்லாண்டு பணிபுரிந்து 2012-இல் காலமானார். அவர் மகன், 1962-இல் பிறந்த பிரான்சிஸ் டேவிட் சார்லஸ் நேப்பியர், பதினைந்தாம் பிரபுவாகப் பட்டம் ஏற்றார். பட்டத்தின் முழுப்பெயர் இன்று ‘நேப்பியர், எட்ரிக் பிரபு’ என்பது. ஒரே மூச்சில் சொன்னாலும் அவை இரு பட்டயங்கள். 1677-ஆம் ஆண்டினது பெண்ணையும் ஏற்கும். 1872-ஆம் ஆண்டினது ஆணுக்கு மட்டுமே. அரச குடும்பத்தில் மூத்தவர் மகளாயினும் அவரே முடிசூடலாம் என்று 2013-இல் பிரிட்டனில் சட்டம் வந்தது. பிரபுக்களின் பட்டங்களை அது தொடவில்லை. ஆகவே என்றேனும் ஒரு நாள், ஆண் மகவு இல்லாத ஒருவரிடம் இவ்விரண்டும் வந்து சேருமாயின், எட்ரிக் பட்டம் ஆண் உறவினரைத் தேடி வீட்டைவிட்டு வெளியேறும். எவரும் இல்லையேல் அற்றுப்போகும். நேப்பியர் பட்டம் வீட்டிலேயே, மகளிடம் இருக்கும்.